இறைச்சி இல்லாத ஃபோ: வியட்நாமின் சைவ நூடுல் சூப் செய்ய முழுமையான வழிகாட்டி

ஃபோவிலிருந்து மாட்டெலும்பை எடுத்துவிட்டு, மிச்ச மசாலாவை அப்படியே காய்கறித் தண்ணீரில் போட்டுக் கொதிக்கவிட்டால் வருவது ஃபோ அல்ல. பட்டை வாசனை அடிக்கும் இனிப்புத் தண்ணீர். ருசி போதவில்லையே என்று அன்னாசிப்பூவையும் கிராம்பையும் கூட்டினால் கஷாயம் ஆகிவிடும். எலும்பு அந்தச் சாற்றில் மூன்று வேலை செய்கிறது. அதிலிருந்து இறங்கும் ஜெலட்டின் சாற்றுக்குக் கனம் கொடுக்கிறது. இறைச்சியில் உள்ள இனோசினேட் நாக்கில் நிற்கும் ஆழமான சுவையைத் தருகிறது. மேலே மிதக்கும் கொழுப்பு மசாலா வாசனையைப் பிடித்து வைக்கிறது. இந்த மூன்று இடத்தையும் தனித்தனியாக நிரப்ப வேண்டும். காய்கறி ஒன்றே மூன்றையும் செய்துவிடாது.

வியட்நாமில் இது புதுமோஸ்தர் சமையல் இல்லை. சந்திர மாதத்தின் முதல் நாளிலும் பௌர்ணமியிலும் சைவம் சாப்பிடும் வழக்கம் பௌத்தக் குடும்பங்களில் பரவலாக உண்டு. ஏழாம் மாதப் பௌர்ணமியில் வரும் வூ லான் சமயத்தில் இன்னும் அதிகம். அந்த நாட்களில் சைவக் கடைகளில் கூட்டம் அலைமோதும். சைவத்துக்கு அங்கே ‘சாய்’ என்று பெயர். கடைப் பலகையில் ‘ஃபோ சாய்’ என்று இருந்தால் இந்தச் சூப்தான். ஃபோ 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹனோய், நாம் தின் பகுதிகளில் உருவானது. 1954இல் நாடு இரண்டாகப் பிரிந்தபோது வடக்கிலிருந்து தெற்கே வந்தவர்களோடு சைகோனில் வேரூன்றியது. வடக்கத்திச் சாறு காரமும் புளிப்பும் அதிகமில்லாமல் தெளிவாக இருக்கும். தெற்கில் சற்று இனிப்பு. பக்கத்தில் ஒரு தட்டு நிறையப் பச்சிலை. கீழே உள்ள அளவு தெற்கத்திப் பாணிக்கு நெருங்கியது, இனிப்பை மட்டும் கொஞ்சம் குறைத்திருக்கிறோம்.

தேவையான பொருட்கள் (4 பெரிய கிண்ணம்)

சாற்றுக்கு:
வெள்ளை முள்ளங்கி 400 கிராம்
சௌசௌ 1 (சுமார் 300 கிராம்)
கேரட் 150 கிராம்
ஜிகாமா (இனிப்பான, மொறுமொறுப்பான வெள்ளைக் கிழங்கு) 250 கிராம். கிடைக்காவிட்டால் கெட்டியான பேரிக்காய் 1
முட்டைக்கோஸ் 150 கிராம்
பெரிய வெங்காயம் 2 (300 கிராம்)
இஞ்சி 60 கிராம்
காய்ந்த ஷிடாகே காளான் 30 கிராம்
கொம்பு கடற்பாசி 10 கிராம் (விருப்பப்பட்டால்)
தண்ணீர் 3 லிட்டர். காளான் ஊறவைக்கத் தனியாக 600 மி.லி.

மசாலா மூட்டைக்கு:
அன்னாசிப்பூ 3
பட்டை 5 செ.மீ. துண்டு 1
கிராம்பு 3
கருப்புப் பெரிய ஏலக்காய் 1
தனியா 1 மேசைக்கரண்டி
சோம்பு அரை தேக்கரண்டி

சேர்மானத்துக்கு: உப்பு 16 கிராம், சோயா சாஸ் 45 மி.லி. (3 மேசைக்கரண்டி), கற்கண்டு 15 கிராம், மோனோசோடியம் குளுட்டமேட் (அஜினோமோட்டோ) 2 கிராம் (கொம்பு போடாவிட்டால்).

வாசனை எண்ணெய்க்கு: கடலை எண்ணெய் அல்லது சூரியகாந்தி எண்ணெய் 4 மேசைக்கரண்டி, லீக்கின் (தடித்த வெங்காயத்தாள் போன்றது) வெள்ளைப் பகுதி 100 கிராம் அல்லது சின்ன வெங்காயம் 100 கிராம்.

கிண்ணத்துக்கு: 3 முதல் 5 மி.மீ. அகலத் தட்டை அரிசி நூடுல் (உலர்ந்தது) 360 கிராம், கெட்டி டோஃபு 300 கிராம், சிப்பிக் காளான் 200 கிராம். மேலே தூவ வெங்காயத்தாள், கொத்தமல்லி, முளைகட்டிய பாசிப்பயறு, எலுமிச்சை, மிளகாய்.

பொருள் வாங்கும்போது

வியட்நாமில் ஃபோவுக்குப் போடுவது தடித்த காசியாப் பட்டை. யென் பாய், சா மி பகுதிகள் அதற்குப் பேர்போனவை. நம் மளிகைக் கடையில் ‘பட்டை’ என்று கேட்டால் கொடுக்கும் தடித்த சுருளும் பெரும்பாலும் காசியா வகையே, அதுவே பொருத்தம். இலங்கையின் மெல்லிய, உள்ளுக்குள் பல அடுக்குச் சுருளாக இருக்கும் கறுவா இதற்கு மென்மையானது. அதைப் போட்டால் அளவை ஒன்றரை மடங்காக்குங்கள். வியட்நாமில் அன்னாசிப்பூ லாங் சோனில் விளைவது. இதழ் உடையாமல், உள்ளே பளபளப்பான விதையோடு இருப்பதைப் பொறுக்குங்கள். தூளாக விற்பது வேண்டாம், சாறு கலங்கிவிடும்.

கருப்பு ஏலக்காயில் கவனம் தேவை. வியட்நாமின் வடமலைகளில் விளையும் ‘தாவோ குவா’ பெரிய காய், அதன் வாசனை கற்பூரம் கலந்தது. இந்தியக் கருப்பு ஏலக்காய் நெருங்கிய சொந்தம்தான் என்றாலும், புகையில் உலர்த்துவதால் புகை நெடி கூடுதல். ஒன்றுக்கு மேல் போட்டால் மற்ற எல்லா வாசனையையும் அமுக்கிவிடும். தட்டி வாய் பிளந்து போட்டால் போதும்.

ஷிடாகே காய்ந்ததுதான் வேண்டும். பச்சைக் காளானில் அந்த ஆழமான சுவை பாதி கூட வராது. கற்கண்டுக்குப் பதில் வெள்ளைச் சர்க்கரை போடலாம், கெட்டுவிடாது. வெல்லமும் நாட்டுச்சர்க்கரையும் வேண்டாம். நிறமும் மணமும் சாற்றைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும்.

கோயில் முறையா, வீட்டு முறையா?

வியட்நாமியப் பௌத்த மடங்களில் பூண்டு, வெங்காயம் முதலான ஐந்து காரப்பொருட்களை ஒதுக்குவார்கள். அந்த ஐந்தில் பெருங்காயமும் சேரும் என்பது இங்கே பலருக்கு வியப்பாக இருக்கும். வெங்காயம் இல்லையென்றால் ஒரு சிட்டிகை பெருங்காயம் என்று நம் கை தானாகப் போகும். இந்தச் சூப்பில் அதற்கு இடமில்லை. மடத்துக் கணக்கை விடுங்கள், வாசனைக் கணக்கிலும் பொருந்தாது. வீட்டுச் சமையலில் சைவ நாட்களுக்கு லீக்கை வெங்காயத்துக்குப் பதிலாக எடுத்துக்கொள்ளும் குடும்பங்கள் உண்டு. கண்டிப்பானவர்கள் அதையும் தொடமாட்டார்கள்.

கண்டிப்பான முறையில் செய்ய நினைத்தால் வெங்காயம், லீக், வெங்காயத்தாள் மூன்றையும் விட்டுவிட்டு இஞ்சியை 90 கிராமாக்குங்கள். முள்ளங்கியில் பாதியைத் தடித்த வட்டமாக நறுக்கி, வெங்காயத்தைச் சுடுவது போலவே கருக விட்டுச் சேருங்கள். வெங்காயம் தரும் கருகல் வாசனை அப்படியே வராது, ஆனால் அந்த இடம் காலியாகவும் இருக்காது.

முதல் நாள் இரவு: காளான்

30 கிராம் ஷிடாகேயைக் கழுவி, 600 மி.லி. குளிர்ந்த நீரில் போட்டு, மூடி, குளிர்சாதனப் பெட்டியில் 8 மணி நேரம் வையுங்கள். அவசரத்துக்கு வெந்நீரில் ஊறவைப்பது பலர் செய்யும் காரியம். காளான் மென்மையாகும், ஆனால் சுவை குறையும். ஆழ்ந்த சுவைக்குக் காரணமான குவானிலேட் காய்ந்த காளானில் தயாராக உட்கார்ந்திருப்பதில்லை. ஊறிய காளான் 60 முதல் 70 டிகிரி சூட்டில் நிற்கும்போதுதான் அதன் நொதிகள் அதை உருவாக்குகின்றன. வெதுவெதுப்பான சூட்டில் வேறு நொதிகள் கிளம்பி அதையே சிதைக்கின்றன. ஆகவே குளிரில் ஊறல், பிறகு நேராக அந்தச் சூடு.

காலையில் காளானைப் பிழிந்து எடுத்துக் காம்பை வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். காம்பு சாற்றுக்குப் போகும், குடை கிண்ணத்துக்குப் போகும். ஊறிய நீரை மெதுவாகச் சாய்த்து வடியுங்கள். அடியில் நிற்கும் மண்டியை விட்டுவிடுங்கள், அதில் மணல் இருக்கும்.

சுடுவது

வெங்காயத்தைத் தோலோடு இரண்டாக வெட்டி, இஞ்சியை நீளவாக்கில் கீறி, கம்பி வலையில் வைத்து நேரடித் தீயில் 8 முதல் 10 நிமிடம் திருப்பித் திருப்பிச் சுடுங்கள். வெளிப்புறம் நன்றாகக் கருக வேண்டும், உள்ளே மெத்தென்று ஆகி ஓரத்தில் சாறு கொப்பளிக்க வேண்டும். மின் அடுப்பு என்றால் எண்ணெய் விடாத இரும்புத் தோசைக்கல் போதும், நேரம்தான் 15 நிமிடம் ஆகும்.

இங்கே எல்லோரும் தயங்கும் இடம் ஒன்று: எவ்வளவு கருக வேண்டும்? பொன்னிறம் போதாது. அந்தக் கருகலில்தான் எலும்புச் சாற்றின் வறுத்த வாசனைக்கு மாற்று இருக்கிறது. ஆனால் சுட்டபின் தளர்ந்த கரியை ஓடும் நீரில் தேய்த்து எடுத்துவிடுங்கள். ஆங்காங்கே பழுப்புத் திட்டு மிஞ்சலாம். கரியோடு போட்டால் சாறு கசக்கும், நிறமும் சாம்பல் பூத்துவிடும்.

மசாலாவை வெறும் வாணலியில் சிறுதீயில் 2 நிமிடம் வறுங்கள். அன்னாசிப்பூவின் மணம் எழும்பியதும் இறக்கி, மெல்லிய துணியில் மூட்டையாகக் கட்டுங்கள்.

சாறு

முள்ளங்கி, சௌசௌ, கேரட், ஜிகாமா நான்கையும் தோல் சீவி 4 செ.மீ. துண்டாக்குங்கள். பெரிய பாத்திரத்தில் 3 லிட்டர் குளிர்ந்த நீர், காய்கள், காளான் காம்பு, சுட்ட வெங்காயம், இஞ்சி எல்லாவற்றையும் போட்டு மிதமான தீயில் ஏற்றுங்கள். கொம்பு போடுவதாக இருந்தால் தண்ணீரில் முதலிலேயே போட்டு, பாத்திரத்தின் அடியில் சிறு குமிழ்கள் தோன்றும்போது எடுத்துவிடுங்கள். கொதிக்கவிட்டால் வழவழப்பும் கடல் நெடியும் இறங்கும். கொம்பு வியட்நாமிய வழக்கம் இல்லை, ஜப்பானியரிடமிருந்து வந்தது. அதன் குளுட்டமேட்டும் காளானின் குவானிலேட்டும் சேரும்போது சுவை கூட்டல் கணக்கில் ஏறாது, பெருக்கல் கணக்கில் ஏறும். வியட்நாமிய வீடுகளில் இதே வேலையை ஒரு சிட்டிகை மோனோசோடியம் குளுட்டமேட் செய்கிறது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கொதி வந்ததும் தீயைக் குறைத்து, மூடியைக் கொஞ்சம் திறந்து வைத்து, மேற்பரப்பில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குமிழ் எழும்படி 60 நிமிடம் விடுங்கள். முதல் பத்து நிமிடம் நுரையை எடுங்கள். 30ஆம் நிமிடத்தில் மசாலா மூட்டை, 40ஆம் நிமிடத்தில் முட்டைக்கோஸ். 60ஆம் நிமிடத்தில் அடுப்பை அணையுங்கள்.

நேரம்தான் இதில் அதிகம் தவறும் விஷயம். எலும்புச் சாறு 8 மணி, 12 மணி என்று கொதிப்பது கொலாஜன் கரைவதற்காக. காய்கறியில் கரைய அப்படி ஒன்றுமில்லை. ஒரு மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிடும். அதற்கு மேல் வைத்தால் முள்ளங்கியும் முட்டைக்கோஸும் கந்தக நெடி விடும், காய்கள் கரைந்து சாறு மங்கும். மசாலாவும் அப்படியே. இறைச்சிச் சாற்றில் கொழுப்பு அதன் கூர்மையைத் தாங்கும். இதில் தாங்க எதுவுமில்லை, அரை மணியே போதும்.

மூட்டையை முதலில் எடுத்துவிட்டு, சாற்றை இரண்டு மடிப்புத் துணியில் வடியுங்கள். தானாக இறங்கட்டும். காய்களைக் கரண்டியால் அழுத்தினால் ஒரு குவளை கூடுதலாகக் கிடைக்கும், தெளிவு போய்விடும்.

இதற்குள் காளான் நீரையும் குடைகளையும் சிறு பாத்திரத்தில் ஏற்றி, ஆவி பறந்து ஓரத்தில் மணிமணியாகக் குமிழ் தோன்றும் சூட்டில் 10 நிமிடம் நிறுத்துங்கள். பிறகு கொதிக்கவிட்டு 10 நிமிடம் வேகவிடுங்கள். இந்த நீரை மொத்தமாக ஊற்றாதீர்கள். முக்கால் பங்கு ஊற்றி ருசி பார்த்து, மிச்சத்தைச் சேருங்கள். சில காளான்களில் மண் வாசனை தூக்கலாக இருக்கும். முழுவதும் ஊற்றினால் காளான் சூப்தான் மிஞ்சும்.

இப்போது கையில் ஏறத்தாழ 2.4 லிட்டர் இருக்க வேண்டும். குறைந்தால் வெந்நீர் சேருங்கள், கூடினால் சற்று வற்றவிடுங்கள். உப்பு, சோயா சாஸ், கற்கண்டு, குளுட்டமேட் சேருங்கள். மேலே சொன்ன அளவில் சாற்றின் உப்பு சுமார் 1 சதவீதம் வரும். வெறும் சாற்றைக் குடித்துப் பார்த்தால் ஒரு கல் கூடுதல் போலத் தெரியும். அப்படித்தான் இருக்க வேண்டும். நூடுலிலும் முளைப்பயறிலும் உப்பே கிடையாது. சரியாகப் பார்க்க ஒரே வழி, வெந்த நூடுல் இரண்டு இழையைக் கரண்டியில் சாற்றோடு எடுத்துச் சுவைப்பது.

வாசனை எண்ணெய்

லீக்கை மெல்லிய வளையமாக நறுக்கி, எண்ணெய் சூடேறும் முன்பே அதில் போட்டு, சிறுதீயில் 12 முதல் 15 நிமிடம் வதக்குங்கள். இளம்பொன் நிறம் வந்த உடனே வடித்துவிடுங்கள். வடித்தபின்னும் சூட்டில் நிறம் ஏறும். மொறுமொறுப்பான லீக் மேலே தூவ, எண்ணெய் கிண்ணத்துக்கு ஒரு தேக்கரண்டி. சிறிய வேலையாகத் தோன்றும், ஆனால் இதைத் தவிர்த்தால் மற்ற உழைப்பு முழுவதும் தட்டையாகத் தெரியும். பட்டை, அன்னாசிப்பூவின் மணம் எண்ணெயில் கரைவது, தண்ணீரில் அதிகம் தங்காது. சாற்றின் மேல் காசுகாசாக மிதக்கும் அந்த எண்ணெய்தான் முதல் ஆவியோடு வாசனையை மூக்குக்குக் கொண்டுவருகிறது. வெங்காய வகை வேண்டாதவர்கள் இஞ்சித் துண்டும் கொத்தமல்லி வேரும் போட்டு இதே எண்ணெயைக் காய்ச்சலாம்.

டோஃபு, காளான்

டோஃபுவைத் துணியில் சுற்றிக் கனமான பாத்திரத்தை மேலே வைத்து 20 நிமிடம் நீரை வடியுங்கள். 1.5 செ.மீ. தடிமன் துண்டாக்கி, 175 டிகிரி எண்ணெயில் பொன்னிறமாகப் பொரியுங்கள். பொரித்த டோஃபுவின் உட்புறம் பஞ்சாகிச் சாற்றைக் குடிக்கும். பச்சை டோஃபு குடிக்காது. பரிமாறும் முன் 5 நிமிடம் ஒரு குவளைச் சாற்றில் போட்டு வையுங்கள்.

சிப்பிக் காளானை விரலளவுப் பட்டையாகக் கிழித்து, நல்ல சூட்டில் ஒரே அடுக்காகப் பரப்பி, அசைக்காமல் 3 நிமிடம், திருப்பி 2 நிமிடம் வதக்கி, கடைசியில் ஒரு தேக்கரண்டி சோயா சாஸ் தெளியுங்கள். உப்பை முதலில் போட்டால் நீர் விட்டு வெந்துபோகும், சிவக்காது. தெற்கு வியட்நாமில் வைக்கோல் காளானும் சோயாப் பால் ஏட்டுச் சுருளும் போடுவார்கள், கிடைத்தால் அருமை.

நூடுல்

உலர்ந்த தட்டை நூடுலைச் சாதாரணத் தண்ணீரில் 30 நிமிடம் ஊறவையுங்கள். வளைத்தால் முறியாமல் வளைய வேண்டும். ஊறிய நீரைக் கொட்டி ஒருமுறை அலசுங்கள். அந்த மாவு சாற்றுக்குப் போனால் கலங்கிவிடும். பரிமாறும் நேரத்தில் ஒரு கிண்ணத்துக்கு உரியதை வடிதட்டில் எடுத்து, தனியாகக் கொதிக்கும் தண்ணீரில் 20 முதல் 30 நொடி முக்கி, நன்றாக உதறி, நேராகக் கிண்ணத்தில் போடுங்கள். சாற்றுப் பாத்திரத்தில் வேகவைக்கவே கூடாது. நாலு பேருக்கும் சேர்த்து முன்கூட்டியே வேகவைத்தால் கட்டிபிடிக்கும். வேறு வழியில்லை என்றால் குளிர்ந்த நீரில் அலசி, கையில் ஒரு சொட்டு எண்ணெய் தடவிப் பிரித்து வைத்து, மறுபடி 5 நொடி முக்குங்கள்.

பாட் தாய் நூடுல் என்று விற்பதும் இதே தட்டை அரிசி நூடுல்தான், தாராளமாக வாங்கலாம். இடியாப்பமோ அரிசிச் சேவையோ ஒத்துவராது. ஏற்கெனவே ஆவியில் வெந்தவை, கொதிக்கும் சாறு பட்டதும் குழைந்துவிடும்.

கிண்ணத்தில்

கிண்ணத்தை வெந்நீர் ஊற்றிச் சூடாக்கிக் கொட்டுங்கள். நூடுல், டோஃபு, இரண்டு காளானும், மேலே பொடியாக நறுக்கிய வெங்காயத்தாள், கொத்தமல்லி. சாறு தளதளவென்று கொதிக்கும்போது கிண்ணத்துக்கு 600 மி.லி. ஊற்றி, வாசனை எண்ணெய் ஒரு தேக்கரண்டி விடுங்கள். வெதுவெதுப்பான சாறு ஊற்றினால் நூடுலின் ஈரத்தில் இன்னும் ஆறி, கிண்ணத்தில் மணமே எழாது.

பக்கத் தட்டில் முளைப்பயறு, எலுமிச்சைத் துண்டு, மிளகாய், பச்சிலை. தெற்கில் வைக்கும் வாசனைத் துளசி நம் திருநீற்றுப்பச்சிலையின் இனமே. அதில் சோம்பு மணம் சற்றுக் கூடுதல். இலையைக் கிள்ளிப் போடும்போதே அந்த வேறுபாடு தெரியும். ‘ங்கோ காய்’ என்ற, ஓரம் ரம்பப் பல் போல இருக்கும் நீண்ட இலைக்குக் கொத்தமல்லித் தண்டை மாற்றாக வைக்கலாம். ஹாய்சின் என்ற இனிப்பான கெட்டிச் சோயா சாஸைச் சாற்றில் கலக்கக் கூடாது, சிறு தட்டில் ஊற்றி டோஃபுவைத் தொட்டுச் சாப்பிட வேண்டும். அதில் பூண்டு இருக்கும், கோயில் முறைக்காரர்கள் பார்த்து வாங்குங்கள்.

சரியாக வராவிட்டால்

இனிப்புத் தூக்கல்: சைவ ஃபோவின் தலையாய வியாதி. கேரட்டும் சோளக்கருதும் அள்ளிப் போட்டதால் வருவது. கற்கண்டை நிறுத்தி, அரை கிராம் அரை கிராமாக உப்பை ஏற்றுங்கள். எலுமிச்சையைப் பாத்திரத்தில் பிழியாதீர்கள். கொதித்த எலுமிச்சை கசக்கும்.

மருந்து நெடி என்றால் கிராம்போ கருப்பு ஏலக்காயோ கூடிவிட்டது, அல்லது மூட்டை அதிக நேரம் கிடந்தது. எடுக்க முடியாது. வெந்நீரும் காளான் நீரும் சேர்த்து நீர்க்கச் செய்து, உப்பைத் திரும்பச் சரிபார்ப்பதுதான் வழி.

சாறு மெலிந்து, தண்ணீராக நாக்கை விட்டு ஓடினால் உப்புக் குறைவா என்று முதலில் பாருங்கள். பாதி நேரம் அதுதான். உப்பு சரி என்றால் குளுட்டமேட் இல்லை, அதுவும் சரி என்றால் எண்ணெய் போதவில்லை. இந்த வரிசையில் பார்த்தால் குழப்பம் வராது. சோள மாவு கரைத்து ஊற்றிக் கெட்டியாக்கும் யோசனை சில குறிப்புகளில் இருக்கிறது. தெளிவும் போகும், வாயில் ஒட்டவும் செய்யும்.

கலங்கல் வந்திருந்தால் துணியில் மறுபடி வடித்து, அரை மணி அசையாமல் வைத்து மேலாக எடுங்கள். கிட்டத்தட்ட தெளிந்துவிடும். ருசிக்குக் கேடில்லை.

சாறு மீந்தால் மூட்டையும் இலையும் இல்லாமல், எண்ணெய் சேர்க்கும் முன்னரே ஆறவைத்து மூடி வையுங்கள். குளிர்சாதனப் பெட்டியில் 3 நாள், உறைநிலையில் 2 மாதம் தாங்கும். நூடுலை அதோடு சேர்த்து வைத்தால் மறுநாள் சாறு இருக்காது, வீங்கிய நூடுல் மட்டும்தான் இருக்கும். வடித்தெடுத்த முள்ளங்கியிலும் சௌசௌவிலும் சுவை மிச்சமில்லை. ஆனால் கேரட்டை எடுத்துக் கிண்ணத்தில் போடலாம்.